ஏசியை நிறுத்தும் நாள்

எங்கள் அறையில் அலமாரியின் மேல் ஒரு பெரிய பீங்கான் கிண்ணம் இருக்கிறது. பத்துப் பேருக்கு ரசம் ஊற்றலாம், அவ்வளவு பெரிது. இப்போது அதில் கிடப்பவை மூன்று சார்ஜர்கள், எந்தப் பூட்டுக்கு உரியது என்று யாருக்கும் தெரியாத ஒரு சாவி, ஒரு தைல டப்பா, நான்கு வெங்காயம். வெளிப்புறம் வெறும் வெள்ளை. உள்ளே அடியில் நீல நிறத்தில் ஒரு பாய்மரக் கப்பல் வரைந்திருக்கும். வெங்காயத்தை நகர்த்தினால்தான் தெரியும். விளிம்பில் ஓரிடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. இதோடு பிடியில்லாத ஐந்து சின்னக் கோப்பைகளும், காம்பு நீண்ட ஓர் அகப்பையும் உண்டு. அகப்பையின் குழியில் தேய்ந்துபோன வெள்ளி நாணயம் ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். துபாய் சத்வாவில் ஆறு பேர் படுக்கும் அறை எங்களுடையது. அதில் ஒரு சாமானுக்கு இடம் கேட்பது பங்காளிச் சண்டையில் போய் முடியும். ஆனாலும் ‘அண்ணனோட அண்டா’ என்று கிண்டல் செய்துகொண்டே இதை அங்கே இருக்க விட்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நாள் அதைக் கழுவிக் கீழே இறக்கினேன். அன்று நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் சீஃப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சீஃப் என்றால் கப்பலில் சீஃப் எஞ்சினியர். அவர் குடியிருந்த கட்டடத்தில் அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், கீழே செக்யூரிட்டி முதல் லிப்ட்டுக்காரன் வரை. திருகோணமலைக்காரர். நாற்பது வருடம் கப்பல்களின் அடிவயிற்றில் இயந்திர அறையில் வெந்துவிட்டு, பர் துபாயில் க்ரீக் என்கிற கடல் கழிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் குடியிருந்தார். ஃப்ளாட் எண் 402. மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் கனடாவில். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதித் தரும் சின்ன அலுவலகம் ஒன்று வைத்திருந்ததால் எழுபது தாண்டியும் அவருக்கு விசா இருந்தது. நான் அந்தக் கட்டடத்தைப் பராமரிக்கும் கம்பெனியில் ஏசி மெக்கானிக். முதல் முறை போனபோது நான் கழற்றி மாட்டிய யூனிட்டில் ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். “தம்பி, இடப்பக்கத்து போல்ட் ஒண்டு இறுகேல்ல” என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பார்த்தால் உண்மைதான், இறுகவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த போல்ட்டையும் இரண்டு முறை இறுக்குவேன்.

சீஃப்பின் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லுமுன் கேம்ப்பின் வராந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். துபாய்க்கு வந்த முதல் ஆறு வருடம் நான் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தேன். அங்கே ரூமில் குடி கூடாது என்று சுவரில் நான்கு மொழிகளில் எழுதியிருக்கும். கூடாததெல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கும். லீவு நாள் சாயங்காலம் பாட்டில் வெளியே வந்ததும், குடிக்காதவன் ஒரு பேச்சும் பேசாமல் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. உட்கார்ந்திருந்தால் ‘இவன் நம்மை எடைபோடுகிறான்’ என்று குடிக்கிறவனுக்குக் கூசும். ‘ஒரு வாய் சும்மா போடு’ என்ற தொல்லை நமக்கு. இரண்டு பேர் மானத்தையும் காப்பாற்றுவது வராந்தாதான். “இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க” என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய் நின்றால், மற்ற ரூம்களிலிருந்து வந்த குடிக்காதவர்களும் அங்கே ஆளுக்கொரு தூணில் சாய்ந்துகொண்டு ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆறு வருடம் அங்கே நின்றிருக்கிறேன். அதை நான் நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

நான் குடிக்காததற்குப் பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. என் அப்பா குடித்தார். பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் குடி என்றால் நின்றுகொண்டே ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, பிளாஸ்டிக் டம்ளரைக் கசக்கி எறிந்து, வாயைத் துடைத்துக்கொண்டு வருவது. திருட்டுக்கும் அதற்கும் முகத்தில் வித்தியாசம் தெரியாது. அவர் சிரித்துக் குடித்து நான் பார்த்ததில்லை, யாரோடும் உட்கார்ந்து குடித்தும் பார்த்ததில்லை. அவர் போன பிறகு அம்மா என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். இருபது வருடமாகக் காப்பாற்றி வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்தக் கர்வம் இந்தக் கதையில் ஒரு வேலை செய்திருக்கிறது.

துபாயில் வருடத்துக்கு ஒரு நாள் வரும். பெரும்பாலும் நவம்பரில். ஆறேழு மாதமாக ஓயாமல் ஓடிய ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கலாம் என்று முதன்முதலாகத் தோன்றும் நாள். காலண்டரில் இருக்காது. காலையில் முகத்தில் படும் காற்றை வைத்துத்தான் தெரியும். சீஃப்புக்கு அந்த நாள்தான் பண்டிகை. அவர் வேலை பார்த்த கப்பல்களில் ஒரு பழக்கம் இருந்ததாம். வளைகுடாவின் வெயிலைக் கடந்து வெளியே வந்து, இயந்திர அறைக்காரர்கள் முதன்முதலாக மூச்சுவிடும் அன்றைக்கு அதிகாரிகள் மேலே கூடி ஒரு பெரிய கிண்ணத்தில் பஞ்ச் என்ற மதுபானம் கலக்குவார்கள். கப்பலிலிருந்து இறங்கியும் அவர் அதை விடவில்லை. அன்று காலையில் அவரே எனக்குப் போன் செய்து, “தம்பி, இண்டைக்கு ஏசிய நிப்பாட்டலாம், வந்து கழுவிவிட்டுப் போம்” என்பார். நான் போய் ஃபில்டர்களைக் கழுவிக் காயவைத்து, யூனிட்டைத் துடைத்து மூடுவதற்குள் அந்தப் பக்கம் கிண்ணம் தயாராகிக்கொண்டிருக்கும்.

அவர் கலக்குவதை ஏணியில் நின்றபடி மூன்று வருடம் பார்த்திருக்கிறேன். முதலில் எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி, சர்க்கரையோடு சேர்த்து மரக்கட்டையால் நசுக்கி மூடி வைப்பார். ஒரு மணி நேரத்தில் அந்தச் சர்க்கரை தானே எண்ணெய் விட்டு இளகும். வீடு முழுக்க வாசனை எழும்பும். அதில் கொதிக்கும் தேயிலைச் சாயத்தை ஊற்றுவார், பிறகு எலுமிச்சைச் சாறு. கொஞ்சத்தை ஒரு மஞ்சள் ஜாடியில் எடுத்துத் தனியே வைப்பார். அதற்குப் பிறகுதான் இலங்கைத் தென்னஞ்சாராயம். அவருக்கு அதற்கான லைசென்ஸ் அட்டை இருந்தது, கடையில் முறையாக வாங்கியது. கடைசியில் மேலே ஜாதிக்காயை உரசிவிடுவார். இந்தப் பானம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம். பழங்காலத்தில் கப்பலில் வந்தவர்களின் பீரும் ஒயினும் இந்த வெயிலில் கெட்டுப்போக, நம் கரைகளில் கிடைத்த சாராயத்தையும் எலுமிச்சையையும் சர்க்கரையையும் வாசனைச் சரக்கையும் கலந்து குடிக்கப் பழகி, அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்பார். அங்கே அது பெரிய மனிதர்களின் மேசைக்கு ஏறி, அதற்கென்று கிண்ணமும் அகப்பையும் செய்து, பாத்திரத்தில் கப்பலையும் வரைந்துகொண்டார்களாம். “எங்கட சாமான் தம்பி, கோட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கு” என்று சிரிப்பார்.

கிண்ணத்துக்குச் சட்டங்கள் இருந்தன. தன் கோப்பையைத் தானே நிரப்பக் கூடாது. ஒருவர் மற்றவருக்கு மொண்டு ஊற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர், இன்று இங்கே இல்லாத யாராவது ஒருவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வாயில் வைக்கலாம். போதும் என்றால் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கோப்பையைக் கவிழ்த்து வைத்தால் யாரும் வற்புறுத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், ஐந்து பேர் இல்லாமல் கிண்ணத்தில் அகப்பை விழக் கூடாது. சரக்கு ஐந்து, ஆளும் ஐந்து. பஞ்ச் என்ற பெயரே ஐந்திலிருந்து வந்தது என்று சிலர் சொல்வதாகவும் தனக்கு நிச்சயமில்லை என்றும் சொல்வார். “ஒருத்தன் குடிச்சா அது மருந்து. ரெண்டு பேர் குடிச்சா ரகசியம். அஞ்சு பேர் இருந்தாத்தான் தம்பி, அது பந்தி” என்பார். எண்ணிக்கையில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

முதல் இரண்டு வருடம் ஐவருக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு மலையாளி டீச்சரும் அவர் கணவரும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கோவாக்காரர் ஒருவர். க்ரீக் கரையில் தோணிக்காரர்களுக்குக் கயிறும் விளக்கும் விற்கும் கீழக்கரை பாய். ஐந்தாவது சீஃப். டீச்சர், அதுவும் பெண்பிள்ளை, கோப்பையோடு சாய்ந்து உட்கார்ந்து சத்தமாகச் சிரித்ததைப் பார்த்து முதல் வருடம் எனக்கு ஏணியே ஆடியது. பாயைப் பார்த்ததும் இன்னும் தர்மசங்கடம். ஐந்து வேளை தொழுகிற மனிதர், நெற்றியில் தழும்பு இருக்கிறது, அவர் போய் இந்தக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருக்கிறாரே. ஏதோ ரகசியம், நமக்கேன் வம்பு, அவர் மானத்தை நாம் காப்பாற்றுவோம் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அகப்பை விழுமுன் கண்ணைத் திருப்பிக்கொண்டு, டூல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். “இரும் தம்பி” என்று சீஃப் ஒவ்வொரு முறையும் சொல்வார். “இருக்கட்டும் சீஃப், நீங்க சாப்பிடுங்க” என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் லிப்ட்டுக்காக நிற்கும்போது உள்ளே அகப்பை கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும் சத்தம் கேட்கும். கோவில் மணியைத் துணியில் சுற்றி அடித்த மாதிரி இருக்கும்.

இந்த ஊரில் யாருக்கும் வயதாவதில்லை, கேன்சல் ஆகிறார்கள். ஒரு நாள் விசா கேன்சல் என்பார்கள், அடுத்த மாதம் அந்தக் கதவில் வேறு செருப்புக் கிடக்கும். டீச்சருக்கு ஓய்வு வந்தது, தம்பதி திருச்சூருக்குப் போனார்கள். அந்த இரண்டு இடங்களை நிரப்ப சீஃப் என்ன பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும். கோடை முழுக்க லிப்ட்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்து, எதிர் ஃப்ளாட்டுக்கு வந்த பிலிப்பினோ நர்ஸையும் கீழ்த்தளத்து மருந்துக் கடைக்காரரையும் பிடித்தார். மூன்றாவது வருடம் அப்படி ஒப்பேறியது. அடுத்த கோடையில் மருந்துக் கடைக்காரரும் கேன்சல் ஆனார். அந்த வருடம் சீஃப் ஒருமுறை மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். லிப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. “படியிலதான் ஆக்களைச் சந்திக்கலாம் தம்பி. லிப்ட்டுக்குள்ள எல்லாரும் போனைத்தான் பாக்கினம்” என்றார். நான் ‘உடம்பைப் பார்த்துக்குங்க’ என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

நான்காவது வருடம் அந்த நாள் வந்தது. காலையில் அவரிடமிருந்து போன் இல்லை. நான் வேறு கட்டடத்தில் டூட்டியில் இருந்தேன், அந்தப் பகுதிக்கு வேறு ஆளைப் போட்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் சூப்பர்வைசர் கூப்பிட்டு, “சார் சௌ தோ, ஏசி டண்டா நஹீ ஹை. ஜல்தி ஜாவோ, உன்னைத்தான் அனுப்பணுமாம்” என்று பாதி இந்தியும் பாதி தமிழுமாகச் சிரித்தான். ஊரே ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் நாளில் 402-இல் ஏசி குளிரவில்லை என்று ஒரு புகார். போனேன். அங்கே எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. ஏசியைப் போட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி வந்தது. மேசையில் கிண்ணம், சுற்றி ஐந்து கோப்பை, நான்கு பேர். பாயும் கோவாக்காரரும் நர்ஸும் என்னைப் பார்த்தார்கள்.

“என்ன சீஃப், ஏசி நல்லாத்தானே ஓடுது?” என்றேன்.

“ஓம் தம்பி, நல்லாத்தான் ஓடுது. கொம்ப்ளெயின்ட் குடுக்காட்டி உம்மை விடமாட்டினம் எண்டுதான் குடுத்தனான். இண்டைக்கு நாங்கள் நாலு பேர்தான். நீர் இருக்கோணும்.”

“நான் குடிக்கிறதில்ல சீஃப். உங்களுக்கே தெரியும்.”

“குடிக்கச் சொல்லி ஆர் கேட்டது? இரும் எண்டுதான் கேக்கிறன்.”

அதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. ஆனால் என் காதில் அது கேம்ப்பின் குரலாக விழுந்தது. ‘சும்மா உக்காரு, குடிக்க வேணாம்’ என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அடுத்தது ‘கையிலயாவது வச்சுக்கோ’. அதற்கடுத்தது ‘ஒரு வாய்’. என்னை வளைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அம்மாவின் தலைமேல் வைத்த கை, இருபது வருடக் கர்வம், எல்லாம் சேர்ந்து நிமிர்ந்து நின்றது. கோபமாகச் சொல்லவில்லை, அந்த வராந்தாச் சிரிப்பையே சிரித்தேன். “இருக்கட்டும் சீஃப், நீங்க சாப்பிடுங்க. எனக்குக் கீழ வேலை இருக்கு, முடிச்சிட்டு வர்றேன்.” கீழே ஒரு வேலையும் இல்லை. வேலைச் சீட்டை நீட்டினேன். ‘பரிசோதித்தேன், பழுது எதுவும் இல்லை’ என்று எழுதியிருந்தேன். சீஃப் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அதை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “முடிச்சுப்போட்டு வாரும்” என்றார். கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவில் நின்றேன். வழக்கமான அந்தச் சத்தத்துக்குக் காது தானாகக் காத்திருந்தது. லிப்ட் வந்துவிட்டது, சத்தம் வரவில்லை. நான் இறங்கிப் போய்விட்டேன்.

அடுத்த மாதமே என்னை ருவைஸில் ஒரு புதிய சைட்டுக்கு மாற்றினார்கள். பாலைவனத்தில் பத்து மாதம். சீஃப்புக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். என்ன சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். செப்டம்பரில் பாய் கூப்பிட்டார். ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். இரண்டு நாள் கழித்து நர்ஸ்தான் கதவைத் தட்டிப் பார்த்து ஆள் கூட்டியிருக்கிறாள். மகள் வந்து எல்லாம் முடித்துத் திரும்பிப் போயாயிற்று. “ஒங்களுக்கு ஒரு பெட்டி வச்சிருக்கேன், வந்து எடுத்துட்டுப் போங்க” என்றார் பாய். லீவு கேட்டு வந்தேன்.

பாயின் கடையில் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே அட்டைப்பெட்டி இருந்தது. மேலே சீஃப்பின் நடுங்கும் எழுத்தில் ‘ஏசித் தம்பிக்கு’ என்று எழுதியிருந்தது. பிரித்தால் கிண்ணமும் கோப்பைகளும் அகப்பையும். எனக்கு ஏன் என்று கேட்டேன். பாய் முதலில் டீ வரவழைத்தார்.

“நீங்க வருவீங்கன்னு பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் உக்காந்திருந்தோம்” என்றார். “பாட்டில் மூடியவே தொறக்கலை. நர்சம்மாவுக்கு டூட்டி, அவங்க எந்திரிக்கப் பாத்தாங்க. ‘கீழ வேலை இருக்கும், வந்திடுவார்’னு சொல்லி உக்கார வச்சாரு. அதையே நாலு தடவை சொன்னாரு. அப்புறம் கிண்ணத்துல கலந்து வச்சதையெல்லாம் எடுத்து அவரே சிங்க்ல ஊத்திட்டாரு.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “நீங்க நாலு பேராவது குடிச்சிருக்கலாமே பாய்” என்றேன்.

“நானா?” பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அஸ்தக்ஃபிருல்லாஹ்! நான் ஒரு நாளும் அதத் தொட்டதில்ல மெக்கானிக்கு. அந்த மஞ்ச ஜாடி எதுக்குன்னு நெனச்சீங்க? எனக்கும் அவருக்கும்தான். ஈரல் போச்சுன்னு டாக்டர் சொன்னதுலேருந்து அவரு ஒரு சொட்டு தொடலை. பதினோரு வருஷமாச்சு. தேத்தண்ணியும் எலுமிச்சையும்தான் அவருக்கு.”

மூன்று வருடம் ஏணியில் நின்று அந்த ஜாடியைப் பார்த்திருக்கிறேன். சாராயம் ஊற்றுமுன் எடுத்து வைப்பதையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பார்க்கவில்லை, கண்ணைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிடுவேனே. ஒரு நிமிடம் கூடுதலாக நின்றிருந்தால் போதும்.

“சரக்கு இருக்கிற எடத்துல ஒங்களுக்கு உக்காரலாமா பாய்?” என்று கேட்டேன்.

“உக்காரக் கூடாது. தப்புதான். ஒவ்வொரு வருஷமும் அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத்தான் போய் உக்காந்தேன்” என்றார். “என்ன செய்யச் சொல்றீங்க? அந்த மனுசன் தனியா இருந்தாரே.”

பாயைக் குடிகாரர் என்று நான்கு வருடம் நினைத்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவரும் இப்போது கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் சத்வா வரும்போது எனக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது, வெட்கம்தான் அதிகம். அம்மா என்னிடம் கேட்டது குடிக்காதே என்றுதான். மனிதர்களோடு உட்காராதே என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. என் அப்பா கடைசிவரை யாரும் பக்கத்தில் இல்லாமல் நின்றுகொண்டே குடித்தார். அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்று இருபது வருடம் நான் தள்ளித் தள்ளி நின்றிருக்கிறேன். சீஃப் அந்தக் கிண்ணத்தை மகளுக்கு அனுப்பாமல் எனக்கு ஏன் வைத்தார் என்பதற்கு எனக்கு நிச்சயமான பதில் கிடையாது. கோபத்தில் வைத்திருப்பார் என்று தோன்றவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நான் கீழே வேலையை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா, அதை அவர் நம்பியிருக்கலாம்.

போன ஞாயிறு காலையில் முகத்தில் அந்தக் காற்று பட்டது. அறையில் நானே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தேன். வெங்காயத்தையும் சார்ஜர்களையும் எடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவினேன். எலுமிச்சைத் தோல், சர்க்கரை, தேயிலைச் சாயம், எலுமிச்சைச் சாறு, மேலே ஜாதிக்காய். சாராயம் மட்டும் இல்லை. அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அறையில் ஒருவன் லீவில் ஊருக்குப் போயிருந்தான். மீதி சரியாக ஐந்து பேர். தச்சர், டிரைவர், சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்ப்பவன், நான், அப்புறம் இரண்டு மாதத்துக்கு முன் வந்த திருவாரூர்க்காரர், பிளம்பர். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார், குடிக்கவும் மாட்டார். சனிக்கிழமைகளில் அறையில் பாட்டில் திறந்ததும் அவரும் நானும்தான் வராந்தாவில் போய் ஆளுக்கொரு பக்கம் நிற்போம். இரண்டு மாதத்தில் அங்கே நாங்கள் பேசிக்கொண்டது பத்து வார்த்தை தேறாது.

தரையில் பேப்பர் விரித்து நடுவில் கிண்ணத்தை வைத்தேன். ‘அண்டா எறங்கிடுச்சுடா’ என்று கத்தியபடி மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்து கோப்பைகளையும் நிமிர்த்தி வைத்தேன். பிளம்பர் தன் கட்டிலிலிருந்து கிண்ணத்தைப் பார்த்தார், கோப்பைகளைப் பார்த்தார், பிறகு எழுந்து போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இதுல சரக்கு இல்லீங்க. வெறும் டீயும் எலுமிச்சையும்தான். வந்து உக்காருங்க” என்றேன்.

“இருக்கட்டும்ண்ணே, நீங்க சாப்புடுங்க” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும், இருபது வருடம் என் முகத்தில் இருந்தது.

“குடிக்கவே வேணாம். சும்மா உக்காந்தாப் போதும்.”

“கீழ கடையில ஒரு வேலை இருக்குண்ணே. முடிச்சிட்டு வந்துர்றேன்.” கதவு பதமாகச் சாத்திக்கொண்டது. அவர் லிப்ட் பக்கம் போகவில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் நாலடியில் நின்றுவிட்டது.

டிரைவர் கோப்பையை எடுத்துக்கொண்டு, “ஊத்துங்கண்ணே, ஆறுது” என்றான். தச்சர் தானே அகப்பையை எடுக்கப் போனார். நான் அதை என் கையில் வாங்கிக்கொண்டேன். உள்ளே தேநீருக்கு அடியில் அந்த நீலக் கப்பல் அசைகிற மாதிரி இருந்தது. ஐந்தாவது கோப்பை காலியாக இருந்தது.

“கொஞ்சம் பொறுங்கப்பா” என்றேன். “கீழ வேலை இருக்கும். வந்துடுவார்.”